மயக்கம் தெளியும் வேளையில் பிராணவாயு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வடமேற்கே சில மைல் சென்றால் மானிப்பாய் வந்துவிடும். அங்கே நிற்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் குடாநாட்டில் அறியாதார் இலர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, 1848இல் மானிப்பாயிலே தம் பணியை நிலைபெறச் செய்தார். நோய் தீர்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழருக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்று துணிந்து, தாமும் தமிழ் கற்று, மாணாக்கர் துணையோடு பெரிய நூல்களையெல்லாம் தமிழாக்கினார். 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. 1875இல் 'கெமிஸ்தம்' வந்தது. அவரிடம் பயின்று வைத்தியராகியோர் அறுபதுக்கு மேற்பட்டவர்.

கிறீன் பிறந்த நாடு மாசசூசெட்ஸ். அந்த மாநிலத்தின் தலைநகரான பொஸ்தனிலே, 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், வில்லியம் மோட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரச் செய்து, நோவறியாது சத்திரசிகிச்சை நடைபெறக்கூடும் என்பதை மண்டபம் நிறைந்த வைத்தியர் காண மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டு கிறீன் இலங்கைக்குக் கப்பலேறினார். அவர் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இன் பிற்பகுதியில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபோமைக் கண்டு வெளியிட்டார். ஆகவே, மயக்கமருந்தும் மானிப்பாய் வைத்தியமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

மயக்கமருந்து கண்ட காலந்தொட்டு வைத்தியரின் கவனமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. நோயாளியை உறங்கச் செய்வது எப்படி, உறக்கம் கலையாமற் காப்பது எப்படி என்பனவே கேள்விகள். உறக்கத்திலிருந்து மீள்வதைத் தனியானதொரு கட்டமாக எவரும் பெரிதாக எண்ணவில்லை. கத்தி வைத்துத் தைத்து முடித்தபின் நோயாளியைத் தூக்கிச் சென்று விடுதிக் கட்டிலிற் கிடத்துவார்கள். தானே விழிப்பான் என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலோர் விழித்தனர். விழிக்காதவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, சத்திரசிகிச்சைக் கூடத்தை அடுத்து 'மீட்பறை' என ஓர் அறை வைத்து, அங்கே பயிற்சி பெற்ற தாதியர் நோயாளியின் தலைமாட்டிலேயே நிற்கும் வழக்கம் பரவியது. அமெரிக்காவில் பிலடெல்பியா வைத்தியர் குழுவொன்று தம் நகரின் மயக்கமருந்து மரணங்களை ஆண்டாண்டாக ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட அறிக்கை, அம்மரணங்களிற் பல தடுக்கப்பட்டிருக்கக் கூடியவை என்று ஒளிவின்றிக் கூறிற்று. அந்த அறிக்கையும் இவ்வழக்கம் பரவுவதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று.

மீட்பறைக்குள் நோயாளியைக் காண அனுமதி பெற்ற உறவினர் முதலில் திடுக்கிடுவது அவர் முகத்திற் கவிந்திருக்கும் பிராணவாயு முகமூடியைக் கண்டுதான். "மூச்சுக்கு ஏதும் ஆபத்தோ?" என்று தாய் கலங்குகிறாள். பெரும்பாலும் ஆபத்தொன்றும் இல்லை. ஆபத்து வராதிருப்பதற்காகவே அம்முகமூடி இடப்பட்டுள்ளது. ஆனால் அந்த வேளையில் மூச்சுக்கு என்ன நேர்கிறது என்பது அறியத்தக்கது.

ஒரு சிறு கணக்கோடு தொடங்கலாம். அமைதியாகக் கிடக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் நிமிடந்தோறும் ஏறக்குறைய 250 மில்லி லீற்றர் பிராணவாயுவைச் செலவிடுகிறது. சாதாரணமாக மூச்சை வெளிவிட்டபின்பும் சுவாசப்பையிலே இரண்டரை லீற்றர் அளவு காற்று தங்கியிருக்கும். காற்றிலே ஐந்திலொரு பங்குதான் பிராணவாயு. சுவாசப்பையின் உட்புறத்தில் நீராவியும் காபனீரொட்சைட்டும் கலப்பதால் அது இன்னும் குறையும். ஆகச் சேமிப்பில் இருப்பது நானூறு மில்லி லீற்றருக்குச் சற்று முன்னே பின்னே. மூச்சு நின்றுவிட்டால் இரண்டு நிமிடத்திற்குள் இந்தக் கையிருப்புத் தீர்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதனைக் கிணற்றை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஊற்று அடைபட்டால் கிணற்றில் எஞ்சிய நீரே கதி. துலா இறைத்துக்கொண்டேயிருந்தால் அது எத்தனை நேரம் தாங்கும்? ஆனால் அதே இரண்டரை லீற்றர் இடத்தைக் காற்றுக்குப் பதிலாகத் தூய பிராணவாயுவால் நிரப்பிவிட்டால், இரண்டு நிமிடம் தாங்கிய கிணறு எட்டு நிமிடம் வரையிலும் தாங்கக்கூடும். மயக்கமருந்து கொடுக்கும் முன்னும், மயக்கம் தெளியும் வேளையில் குழாயை எடுக்கும் முன்னும் வைத்தியர் பிராணவாயுவை மூச்சிலே கலப்பது இந்தச் சில நிமிடங்களைச் சம்பாதிப்பதற்காகவே. தொண்டை இறுகினாலோ, நா பின்சரிந்தாலோ, சீர்செய்ய அவகாசம் வேண்டும் அல்லவா?

மயக்கத்திலே அக்கிணறு சுருங்கியும் போகிறது. மல்லாந்து படுத்திருப்பதாலும், தசைகள் தளர்வதாலும், வயிற்றுறுப்புகள் விதானத்தசையை மேலே தள்ளுவதாலும் சுவாசப்பையில் எஞ்சும் காற்று ஏறக்குறைய அரை லீற்றர் அளவு குறைந்துவிடுகிறது. முதுகுப்புறமாயுள்ள சிற்றறைகள் பல வாய்மூடிப் படிந்துவிடுகின்றன. 1980களில் சுவீடன் நாட்டு வைத்தியர் ஹெடன்ஸ்டியேர்னாவும் அவருடன் உழைத்தோரும், கணினிக் கதிர்ப்படத்தின் துணைகொண்டு, மயக்கத்திலிருந்த நோயாளரின் சுவாசப்பையில் இப்படிப் படிந்த பகுதிகளைப் படமாகவே காட்டினர். அப்பகுதிகள் வழியே ஓடும் குருதி பிராணவாயுவைப் பெறாமலே திரும்புகிறது. வயிற்றிலோ மார்பிலோ வெட்டு ஏற்பட்டவர் நோவுக்கு அஞ்சி ஆழமாக மூச்செடுக்கமாட்டார், இருமமாட்டார். எனவே படிந்த அறைகள் மறுநாளும் திறவாதிருக்கலாம்.

இதன்மேல் வேறும் இடையூறுகள் சேர்கின்றன. நோவுக்குக் கொடுத்த மோர்பீன் போன்ற மருந்து மூளையிலுள்ள சுவாச மையத்தை மந்தப்படுத்துகிறது. தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்து முற்றும் நீங்காதிருந்தால், கண் திறந்த நோயாளியும் மூச்செடுக்க வலுவற்றிருப்பார். 1942இல் மொன்றியல் நகரில் ஹரோல்ட் கிறிபித், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புநுனியில் தடவும் குராரே நஞ்சிலிருந்து எடுத்த மருந்தைச் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுத்திய காலந்தொட்டு இக்கவலை வைத்தியரோடு கூடவே வருகிறது. இனி, குளிரூட்டிய கூடத்திற் கிடந்த உடல் விழிக்கும்போது நடுங்குகிறது. நடுக்கம் தசைகளின் வேலை. வேலை மிகுந்தால் பிராணவாயுச் செலவும் மிகும். நடுங்கும் நோயாளியின் தேவை இரண்டு மடங்காகலாம்; சிலருக்கு அதனினும் மேலாம். வரவு குறைந்த நேரம் பார்த்துச் செலவு கூடுகிறது. வெதுவெதுப்பான கம்பளியால் போர்த்துவதும் ஒருவகையிற் பிராணவாயு சிகிச்சையே என்று சொல்லலாம்.

இவையெல்லாம் எளிதில் ஊகிக்கக் கூடியவை. ஆனால், மயக்கம் தெளியும் முதற் சில நிமிடங்களுக்கே உரிய விசித்திரமான ஓர் ஆபத்தும் உண்டு. நூறாண்டுக்கு மேலாக அதனை யாரும் தெளிவாக இனங்காணவில்லை. அதற்குக் காரணமான வாயு நைதரசு ஓட்சைட்டு. 'சிரிப்பு வாயு' என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1844இல் ஹொரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இதனைத் தம் பற்பிடுங்கலுக்கே சோதித்துப் பார்த்தார். முதலில் இதனைப் பிராணவாயுக் கலப்பின்றியே கொடுத்து வந்தனர். நோயாளி நீலம் பாரித்துப் போவார். அதனை மயக்கத்தின் இயல்பு என்றே பலர் எண்ணியிருந்தனர். 1868இல் சிக்காகோ வைத்தியர் எட்மண்ட் அன்ட்றூஸ், ஐந்திலொரு பங்கு பிராணவாயுவைக் கலந்து கொடுத்தால் நீலமும் இல்லை, ஆபத்தும் குறைவு என்று எடுத்துரைத்தார்.

மயக்கத்தின்போது இருந்த ஆபத்து இவ்வாறு நீங்கியது. மயக்கம் தெளியும்போது இருந்த ஆபத்தோ 1955 வரை காத்திருந்தது. அவ்வாண்டு றேமண்ட் பிங்க் என்ற மயக்க வைத்தியர் அதனை விளக்கினார். நைதரசு ஓட்சைட்டு, காற்றிலுள்ள நைதரசனைக் காட்டிலும் முப்பது மடங்குக்கு மேல் குருதியிற் கரையக்கூடியது. நீண்ட சத்திரசிகிச்சையிலே பல லீற்றர் கணக்கில் அது உடலெங்கும் தோய்ந்துவிடுகிறது. சிகிச்சை முடிந்ததும் அவ்வாயுவை நிறுத்தி நோயாளியை அறைக்காற்றைச் சுவாசிக்க விட்டால், உடலிலே தோய்ந்திருந்ததெல்லாம் வந்த வழியே சுவாசப்பைக்குத் திரும்பிப் பாய்கிறது. முதற் சில நிமிடங்களில் நிமிடத்திற்கு ஒரு லீற்றருக்கு மேலும் வெளிவரலாம். அதற்கு ஈடாக உள்ளே கரையவேண்டிய நைதரசனோ சிறிதளவே கரைகிறது.

மருதடி விநாயகர் கோயில் தேர் முடிந்து சனம் கலையும் வேளையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். வாயிலை நிறைத்து ஆயிரம்பேர் வெளியே வந்துகொண்டிருக்கையில் உள்ளே போகவேண்டிய ஒருவர் என்செய்வார்? சுவாசப்பையின் சிற்றறைகளிலும் அதுவே நேர்கிறது. வெளியேறும் வாயு அறைகளை நிறைத்து, பிராணவாயுவின் விகிதத்தைத் தாழ்த்திவிடுகிறது. அத்தோடு காபனீரொட்சைட்டும் நீர்த்துப்போவதால் மூச்சை முடுக்கிவிடும் தூண்டுதலும் தளர்கிறது. நலமுள்ள இளைஞர் இதனைத் தாங்கிக்கொள்வார். சோகை பிடித்தவரும், இருதய நோயாளரும், முதியவரும் தாங்கார். இதற்கு மாற்று மிக எளியது. நைதரசு ஓட்சைட்டை நிறுத்தியதும் ஐந்து முதல் பத்து நிமிடம் தூய பிராணவாயுவைக் கொடுத்தாற் போதும். கூட்டம் கலையும்வரை உள்ளே வருபவர் எல்லாரும் பிராணவாயுவாகவே இருக்கட்டும் என்பதே இதன் பொருள்.

பின்னாளில் நைதரசு ஓட்சைட்டின் ஆட்சி பல நாடுகளிற் சுருங்கிவிட்டது. சூழல் வெப்பமடைதலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்டபின் அதனை விலக்குவோர் மிகுந்துள்ளனர். ஆயினும் அந்த வாயுவுக்காக எழுந்த வழக்கம் நிலைத்துவிட்டது. மேலே கூறிய ஏனைய காரணங்கள் அதனைத் தாங்கி நிற்கின்றன.

பிராணவாயு போதுமோ போதாதோ என்று அறிவது எங்ஙனம்? முற்காலத்தில் உதட்டையும் நகத்தையும் பார்த்தார்கள். நீலம் தெரிந்தால் முகமூடியை எடுத்தார்கள். நீலம் கண்ணுக்குத் தெரியுமுன்பே குருதியின் செறிவு வெகுவாகத் தாழ்ந்துவிடும். கருநிற மேனியரிடத்தும் சோகையுள்ளவரிடத்தும் அது தெரியாமலே போவதும் உண்டு. 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி, விரலூடாகவோ காதுமடலூடாகவோ ஒளியைச் செலுத்தி, நாடித்துடிப்போடு துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்து அளந்தால் குருதியின் பிராணவாயுச் செறிவை ஊசி குத்தாமலே அறியலாம் என்று கண்டார். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த விரற்கருவி அவருடைய கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இக்கருவி இடம்பெற்றது.

அக்கருவி காட்டும் எண் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலிருந்தால் மனம் ஆறலாம். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் விரைந்து செயற்பட வேண்டும். ஏனெனில் அந்த இடத்திற்குக் கீழே சரிவு செங்குத்தாகிறது. மலையுச்சியின் சமதரையில் நடந்தவன் விளிம்பை அடைந்தது போல, அதுவரை மெல்ல இறங்கிய எண் சடுதியில் வீழும். கடுநிற நகப்பூச்சும், குளிர்ந்த விரலும், நடுக்கமும் கருவியை ஏமாற்றும். நம்மவர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு: 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்று, கருமேனியரிடத்தில் இக்கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவது வெள்ளையரினும் அடிக்கடி நேர்வதைப் புலப்படுத்தியது. ஆகவே எண் விளிம்பில் நிற்கையில் கண்ணையும் நம்பவேண்டும்.

கருவியின் வேறொரு குறை இதனினும் நுட்பமானது. பிராணவாயு பெற்றுக்கொண்டிருக்கும் நோயாளி மோர்பீனின் வேகத்தால் நிமிடத்திற்கு ஆறு மூச்சுத்தான் விடுகிறார் என்று கொள்வோம். உள்ளே செறிந்த பிராணவாயு இருப்பதால் விரற்கருவி தொண்ணூற்றெட்டு என்றே காட்டும். ஆனால் வெளியேறவேண்டிய காபனீரொட்சைட்டு வெளியேறாது குருதியிலே குவிகிறது. நோயாளி மீண்டும் உறக்கத்துள் ஆழ்கிறார். மூச்சு மேலும் தளர்கிறது. எண் நன்றாயிருக்கிறதே என்று அப்பால் சென்ற தாதி திரும்பி வருகையில் நிலைமை கைமீறியிருக்கலாம். பிராணவாயு மூச்சுத் தளர்வைத் தீர்ப்பதில்லை. சில வேளைகளில் அதனை மறைக்கிறது. இதனாலேயே மீட்பறைத் தாதி, கருவி இருந்தும், நோயாளியின் மார்பு எழுந்து தாழ்வதைக் கடிகாரம் வைத்து எண்ணுகிறார். பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கிறார். தலையை உயர்த்தச் சொல்கிறார். நா பின்சரிந்து குறட்டை எழுந்தால் தாடையை முன்னே தூக்கிப் பிடிக்கிறார். அடைபட்ட வழியில் எவ்வளவு பிராணவாயுவை ஊதினும் உள்ளே போகாது. திறமையுள்ள இரு விரல்கள் அப்போது ஓர் உருளைக்குச் சமம்.

பிராணவாயு நல்லதாயின் மிகுதியாகக் கொடுத்தால் இன்னும் நல்லதன்றோ என்று கேட்கலாம். மருந்து எதற்கும் பொருந்தும் அளவு இதற்கும் உண்டு. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும், மாதம் நிறையாது பிறந்த குழந்தைகளுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுத்த மேலைநாட்டு வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தன. காரணம் அந்தப் பிராணவாயுவே என்று கண்டறிந்தபோது உலகம் அதிர்ந்தது. சத்திரசிகிச்சை நோயாளியிடத்தில் வேறொரு வகையான தீமை நேரலாம். காற்றிலுள்ள நைதரசன் உடலுக்குப் பயன்படாத பண்டம் போலத் தோன்றினும், சுவாசச் சிற்றறைகளை விரித்து வைத்திருக்கும் முட்டுக்கால் அதுவே. தூய பிராணவாயுவால் நிரம்பிய சிற்றறைக்கு வழி அடைபட்டால், உள்ளிருந்த அத்தனையும் குருதியால் உறிஞ்சப்பட்டு அறை படிந்துவிடும். ஆகையால் பல வைத்தியர், கையிருப்புக்கு வேண்டிய நேரத்திலன்றி மற்றவேளைகளில் நூற்றுக்கு நூறு கொடுப்பதைத் தவிர்க்கின்றனர்.

நெடுங்காலம் சுருட்டுக் குடித்துச் சுவாசப்பை கெட்ட முதியவர்களைப் பற்றித் தனியே கூறவேண்டும். புகையிலைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் இவர்கள் அரியவர் அல்லர். இவர்களிற் சிலருடைய உடல் காபனீரொட்சைட்டு மிகுதிக்குப் பழகிப்போயிருக்கும். அளவுக்கு மீறிப் பிராணவாயு கொடுத்தால் காபனீரொட்சைட்டு மேலும் ஏறி உணர்வு மங்கும். எனவே இத்தகையோருக்கு எண்பத்தெட்டு முதல் தொண்ணூற்றிரண்டு வரையான செறிவே இலக்காகக் கொள்ளப்படுகிறது. மற்றவரிடத்திற் கவலை தரும் எண் இவரிடத்தில் அமைதி தருவது. சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் புகைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் அதனை மறைக்கலாகாது என்பதற்கு இதனைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

உருளையிலே அடைத்துவரும் வாயு என்பதால், இது செலவுள்ள பொருளுமாகும். 3,400 லீற்றர் வாயுவைக் கொண்ட உருளையிலிருந்து நிமிடத்திற்கு ஐந்து லீற்றர் வீதம் ஒரு நோயாளிக்குக் கொடுத்தால் பதினொரு மணி நேரம் கடந்து சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும். முகமூடிக்கு ஐந்து லீற்றருக்குக் குறைத்து விடவும் இயலாது. விட்டால் நோயாளி தாம் வெளிவிட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். மூக்கிலே செருகும் குழலுக்கு இரண்டு முதல் நான்கு லீற்றர் போதும். 1990 முதல் பல்லாண்டுகள் குடாநாட்டின் தரைவழி அடைபட்டு, மின்சாரமும் அற்று, மருந்துப் பொருள்கள் கப்பலை எதிர்பார்த்திருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு ஓர் உருளையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் இந்திய நகரங்களில் கோவிட் நோயாளரின் உறவினர் உருளைகளுக்காக வரிசையில் நின்ற காட்சியையும் உலகம் கண்டது. காற்றிலிருந்து நைதரசனைச் சியோலைற்று என்ற கனிமத்தால் வடித்துவிட்டுத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிராணவாயுவைத் தரும் பொறிகள் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

மீட்பறைக்கு வரும் எல்லா நோயாளருக்கும் பிராணவாயு வேண்டுமா என்ற வாதம் இதனாலேதான் எழுந்தது. சிறு சத்திரசிகிச்சைக்குள்ளான இளையோர் பலருக்கு அது தேவைப்படாமலே போகலாம். விரற்கருவியும் கண்காணிக்கும் தாதியும் உள்ள இடத்தில், எண்ணைப் பார்த்து வேண்டியவர்க்கு மட்டும் கொடுப்பது நியாயமே. கருவியில்லாத இடத்திலே அவ்வாறு தெரிந்தெடுக்க முயல்வது துணிகரம். அங்கே எல்லோருக்கும் கொடுப்பதே முறை.

நோயாளியின் வீட்டார் அறியவேண்டியன சில உண்டு. மயக்கந் தெளியும் பிள்ளை முகமூடியைப் பிடுங்கி எறிந்தால் வலிந்து அழுத்தாமல், தாய் அதனை முகத்துக்கருகே பிடித்தாலும் பயன் உண்டு. பிராணவாயு தானாக எரிவதில்லை. எரிவதை மூர்க்கமாக எரியச்செய்யும். ஆதலால் அருகே தீக்குச்சியும் சுருட்டும் கூடா. உருளையின் வாயிலில் எண்ணெய்க் கையை வைத்தலும் கூடாது. எண்ணெய்ப் பசை அங்கே தீப்பற்றுவதுண்டு. "களைத்துப் போனான், ஒரு மிடறு தேத்தண்ணி கொடுப்போம்" என்ற அன்பு நம்மவரிடம் பெரிது. விழுங்கும் திறன் முழுதாகத் திரும்புமுன் கொடுத்த மிடறு சுவாசக் குழாய்க்குள் இறங்கினால், தாதி அரைமணி நேரம் காத்துக்கொடுத்ததெல்லாம் அந்த ஒரு மிடறிலே போய்விடும்.

விடுதிக்கு அனுப்புமுன் தாதி செய்யும் கடைசிச் சோதனை எளியது. முகமூடியை எடுத்துவிட்டு, விரற்கருவியை மாட்டியபடியே, நோயாளியை அறைக்காற்றைச் சுவாசிக்க விடுகிறார். சில நிமிடங்கள் பேசாது பார்த்துக்கொண்டிருக்கிறார். எண் தாழாமல் நின்றால், கேட்ட கேள்விக்கு நோயாளி தெளிவாக விடை சொன்னால், கட்டிலின் சக்கரப் பூட்டுத் திறக்கப்படுகிறது. தாழ்ந்தால் முகமூடி மறுபடியும் முகத்திற் கவிகிறது. வாசலில் நிற்கும் உறவினர் இன்னும் சற்று நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.